இயந்திரம் வந்ததற்கும் வாக்குரிமை வந்ததற்கும் என்ன தொடர்பு?

கரும்பலகை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். தொழிற்புரட்சியின் விளைவுகளைச் சொல்லும்போது, இங்கிலாந்தில் நடுத்தர வர்க்கமும் தொழிலாளர்களும் அரசியல் உரிமை கோரியதால் வாக்குரிமை படிப்படியாக விரிவடைந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது இத்தனை ஆண்டுகளாக என் வழக்கம். சென்ற வாரம் மாணவி ஒருத்தி எழுந்து, "மிஷின் வந்தா வேலை போகும், அது சரி. ஓட்டு எதுக்கு டீச்சர் வரணும்?" என்று கேட்டாள். அவள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. இயந்திரம் என்றால் என்ன என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவள். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்காரவைத்துவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

நான் அறிய விரும்புவது இதுதான். ஆலை பெருகுவதற்கும் வாக்குச்சீட்டு கையில் கிடைப்பதற்கும் நடுவில் உண்மையில் என்ன நடந்தது? அதிகாரத்தில் இருந்தவர்கள் வாதத்தில் தோற்று விட்டுக்கொடுத்தார்களா, பயந்து விட்டுக்கொடுத்தார்களா? பதினான்கு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லக்கூடிய நிகழ்ச்சிகளோடு யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆவணக்காப்பாளன் எழுதியது:

அம்மா, அந்த மாணவியின் கேள்வி சரியான கேள்வி. இயந்திரம் நேரடியாக யாருக்கும் வாக்களிக்கும் உரிமையைத் தரவில்லை. அது மக்களை இடம் மாற்றியது. நாடாளுமன்ற இடங்களோ இருந்த இடத்திலேயே இருந்தன. முதல் விரிசல் அங்கேதான் விழுந்தது.

வகுப்பில் ஓல்டு சேரம் என்ற இடத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். சாலிஸ்பரி நகருக்கு அருகே, பழைய கோட்டை ஒன்றின் இடிபாடுகள் மட்டுமே எஞ்சிய, குடியிருக்க ஆளில்லாத மேடு அது. அங்கே நிலம் வைத்திருந்த காரணத்தால் வாக்குரிமை பெற்றிருந்த பத்துப் பன்னிரண்டு பேர், வயலில் நின்ற ஓர் எல்ம் மரத்தடியில் கூடி, இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். டன்விச் என்ற துறைமுக ஊரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த ஊருக்கும் இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். நம் பூம்புகாரைக் கடல் கொண்ட கதையை அறிந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். அதே காலத்தில், உலகத்துக்கே துணி நெய்து அனுப்பிய மான்செஸ்டருக்கும், இரும்பும் உருக்கும் வார்த்த பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும், கம்பளிக்குப் பெயர்போன லீட்சுக்கும் தமக்கென ஒரே ஓர் உறுப்பினர்கூட இல்லை.

இந்த முரண்பாடு கண்ணில் பட்டதாலேயே எதுவும் மாறிவிடவில்லை. 1819 ஆகஸ்டு 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரி ஏறத்தாழ 60,000 பேர் கூடினார்கள். அவர்களுள் பெருந்தொகையினர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர், கைத்தறி நெசவாளர்கள் என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். நெப்போலியனோடு நடந்த போர் முடிந்து கூலி சரிந்து, ரொட்டி விலை ஏறி நின்ற காலம் அது. நிலவுடைமையாளர்களே நிறைந்திருந்த நாடாளுமன்றம் வெளிநாட்டுத் தானியம் மலிவாக வந்துவிடாதபடி 1815-இல் சட்டம் செய்திருந்தது. வயிற்றுப் பசிக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்ள தொடர்பை நெசவாளனுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுற்றுப்புற ஊர்களிலிருந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, பெண்கள் பலர் வெள்ளை உடையணிந்து, வரிசை வரிசையாக நடந்து வந்தார்கள். மிடில்டன் ஊர்க்காரர்கள் அன்று ஏந்திவந்த பச்சைப் பட்டுக்கொடி இன்றும் பாதுகாக்கப்படுகிறது. சீர்திருத்தப் பேச்சாளர் ஹென்றி ஹண்ட் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில், அவரைக் கைது செய்யும்படி நீதிபதிகள் ஆணையிட, குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. 18 பேர் இறந்ததாக இன்று கணக்கிடுகிறார்கள்; காயம்பட்டோர் பல நூறு. வாட்டர்லூ போரில் நாட்டுக்காகச் சண்டையிட்டுத் திரும்பிய ஜான் லீஸ் என்ற ஆல்டம் ஊர்க்காரர் இந்தத் திடலில் வாங்கிய காயத்தால் இறந்தார். இந்தப் படுகொலைக்கு, வாட்டர்லூவை நினைவூட்டும் வகையில், பீட்டர்லூ என்று பெயர் வைத்தார்கள். அரசு கொடுத்த விடை, கூட்டங்களையும் பத்திரிகைகளையும் ஒடுக்கும் ஆறு சட்டங்கள்.

எனவே கூட்டம் மட்டும் போதவில்லை. 1830-க்குப் பிறகு என்ன மாறியது என்றால், ஆலை முதலாளிகளும் வணிகர்களும் தொழிலாளர்களும் சிறிது காலம் ஒரே அணியில் நின்றார்கள். பர்மிங்காமில் தாமஸ் அட்வுட் என்ற வங்கியாளர் அமைத்த அரசியல் சங்கம் அப்படிப்பட்டது. சிறுபட்டறைகள் நிறைந்த ஊர் என்பதால் அங்கே முதலாளியும் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். ஒரே சங்கத்தில் சேருவதும் எளிதாயிற்று. 1831 மார்ச்சில் சீர்திருத்த மசோதாவின் இரண்டாம் வாசிப்பு மக்களவையில் 302-க்கு 301 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது. அக்டோபரில் பிரபுக்கள் சபை 41 வாக்கு வித்தியாசத்தில் மசோதாவை நிராகரித்தபோது நாட்டிங்காம் கோட்டையைக் கொளுத்தினார்கள். பிரிஸ்டல் நகரம் மூன்று நாள் கலவரத்தில் எரிந்தது. 1832 மே மாதத்தில் சீர்திருத்தத்தை எதிர்த்த வெலிங்டன் பிரபு மீண்டும் பிரதமராகிவிடுவாரோ என்ற நிலை வந்தபோது, பிரபுவைத் தடுக்க வேண்டுமானால் வங்கியில் போட்ட பணத்தைத் தங்கமாகத் திருப்பிக் கேளுங்கள் என்று லண்டன் சுவர்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதை எழுதிய பிரான்சிஸ் பிளேஸ் ஒரு தையற்காரர். இங்கிலாந்து வங்கியின் தங்கம் கரையத் தொடங்கியது. புதுப் பிரபுக்களை நியமித்து மேலவையில் பெரும்பான்மை ஏற்படுத்த மன்னர் இசைந்துவிட்டார் என்பதை அறிந்ததும், எதிர்த்த பிரபுக்கள் பலர் அவைக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜூன் 7 அன்று சட்டமாயிற்று.

வாதமா, பயமா என்று கேட்டீர்கள். பயம் என்றே நான் சொல்வேன். ஆனால் அது கணக்குப் போட்ட பயம். புரட்சி வேண்டாமென்றால் சீர்திருத்தம் வேண்டும் என்று பிரதமர் கிரே பிரபுவே வெளிப்படையாகச் சொன்னார். நடுத்தர வர்க்கத்தை உள்ளே அழைத்துக்கொண்டால், வெளியே நிற்கும் உழைப்பாளிக்குத் தலைமை இல்லாமல் போகும் என்பதே கணக்கு. ஆகவே நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் குடியிருக்கும் ஆணுக்கு வாக்குரிமை என்று கோடு கிழித்தார்கள். ஆள் குறைந்த 56 தொகுதிகள் ஒழிந்தன. மான்செஸ்டர் முதலிய நகரங்களுக்கு இரண்டிரண்டு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். ஆயினும் இங்கிலாந்திலும் வேல்சிலும் வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே வாக்கு இருந்தது. பிரெஸ்டன் போன்ற சில ஊர்களில் பழைய வழக்கப்படி ஏழை ஆண்களுக்கும் வாக்கு இருந்தது. அந்தப் பழைய உரிமை இருந்தவரோடு முடியட்டும், புதிதாக எவருக்கும் இல்லை என்று இதே சட்டம் சொல்லிவிட்டது. பீட்டர்லூவில் கைதான ஹண்ட், பிரெஸ்டன் நெசவாளர்களின் வாக்கால் 1830-இல் நாடாளுமன்றம் போனவர். 1832 சட்டத்தின் இந்தக் குறுகலை அவையிலேயே எதிர்த்துப் பேசிய அவர், அடுத்த தேர்தலில் தோற்றார். சீர்திருத்தம் என்றால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது என்று பாடநூல்கள் எழுதும்போது இந்த இழப்பை விட்டுவிடுகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை.

பஞ்சாலைத் தோழர் எழுதியது:

தோழர் ஆவணக்காப்பாளன் நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். நான் வரலாறு படித்தவன் அல்லன்; கோவைப் பகுதிப் பஞ்சாலைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் நூற்புப் பிரிவில் வேலை செய்து, சங்கப் பொறுப்பிலும் இருந்தவன். சாசன இயக்கத்தைப் பற்றி முதன்முதலில் கேட்டது சங்க வகுப்பில்தான்.

ஏமாந்தவர்களின் இயக்கம் என்று அதைச் சொல்லலாம். 1832-க்காகத் தெருவில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இரண்டே ஆண்டில், ஏழைகளுக்கு வீட்டில் கொடுத்துவந்த உதவியை நிறுத்தி, வேலை இல்லங்களில் அடைக்கும் சட்டத்தைப் புதிய நாடாளுமன்றமே கொண்டுவந்தது. 1838-இல் மக்கள் சாசனம் வெளிவந்தது. அதில் ஆறு கோரிக்கைகள்: 21 வயதான ஆண்கள் எல்லாருக்கும் வாக்கு, இரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினராகச் சொத்து வேண்டியதில்லை, உறுப்பினருக்குச் சம்பளம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். சம்பளம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். சம்பளம் இல்லாவிட்டால் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவன் அவையில் போய் உட்கார முடியாது. அந்த ஒரு கோரிக்கை நிறைவேற 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1842-இல் 33 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை நாடாளுமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மைல் கணக்கில் நீண்ட அந்தச் சுருள் அவையின் வாசலுக்குள் நுழையாததால், அதைப் பிரித்துத் துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய்க் குவித்தார்கள். 287-க்கு 49 என்று அவை அதைக் கேட்கவே மறுத்தது. அந்த ஆகஸ்டில், கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் லங்காஷயர், யார்க்ஷயர் ஆலைகளெங்கும் பரவியது. தொழிலாளர்கள் ஊர் ஊராக நடந்துபோய், ஒவ்வோர் ஆலையிலும் கொதிகலனின் அடைப்பானைப் பிடுங்கினார்கள். தண்ணீர் வெளியேறி நெருப்பு அணைந்தால் நீராவி இல்லை. நீராவி இல்லையென்றால் அந்த ஆலையின் அத்தனை தறிகளும் நின்றுவிடும்.

அம்மா, உங்கள் மாணவிக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வீட்டுக்கு வீடு தனித்தனியாகத் தறி ஓட்டுகிறவன் நிறுத்தினால் அவன் அடுப்புதான் அணையும். ஆயிரம் பேர் ஒரே சங்கு ஊதலுக்கு எழுந்து, ஒரே வாசலில் நுழைந்து, ஒரே இயந்திரத்தை நம்பி வேலை செய்யும்போது, அவர்கள் நிறுத்தினால் ஊரே நிற்கும். நாங்கள் ஷிப்டு மாறும் நேரத்தில் வாயிற்கூட்டம் போடுவோம். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் ஒரே இடத்தில் சேரும் பதினைந்து நிமிடம் அது. காதிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடியே நின்று கேட்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை முதலாளியின் கடிகாரமே எங்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தது. ஒரு கிராமத்தில் சிதறிக் கிடக்கும் கூலிக்காரர்களை அப்படி ஒரு சேரச் சேர்க்க மாதக் கணக்காகும்.

வேலைநிறுத்தத்தாலேயே நேரடியாக வாக்குரிமை வாங்கிய நாடும் உண்டு. சுரங்கங்களும் ஆலைகளும் நெருங்கியிருந்த பெல்ஜியத்தில், 1893 ஏப்ரலில் நடந்த பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து மடங்கானது. ஆனாலும் சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஓரிரு வாக்குகள் என்று வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு என்பதற்காக 1902-இலும் 1913-இலும் மறுபடி வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

கரும்பலகை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, கொதிகலன் அடைப்பானைப் பற்றி நான் இதுவரை படித்ததில்லை. ஆனால் ஒரு சந்தேகம் எழுகிறது. சாசன இயக்கம் 1848-க்குப் பிறகு அடங்கிவிட்டது என்றே நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் 1867-இல், அதுவும் பழமைவாதக் கட்சியின் ஆட்சியில், நகரத் தொழிலாளர்களுக்கு எப்படி வாக்குக் கிடைத்தது?

ஆவணக்காப்பாளன் எழுதியது:

இயக்கம் அடங்கியது; அதில் பழகியவர்கள் அடங்கவில்லை. தொழிற்சங்கம், கூட்டுறவுப் பண்டகசாலை, இரவுப் பள்ளி என்று அவர்கள் வேர்விட்டார்கள். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக்கிடந்தபோது, பட்டினி கிடந்த நிலையிலும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் பலர் அடிமைமுறைக்கு எதிராக நின்று லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். லிங்கனும் 1863 ஜனவரியில் அவர்களுக்கு மறுமொழி எழுதினார். இவர்களுக்கா வாக்கு இல்லை என்று லிபரல் கட்சித் தலைவர் கிளாட்ஸ்டன் போன்றோர் கேட்கத் தொடங்கியதற்கு அது ஒரு காரணம்.

1866-இல் லிபரல் ஆட்சி கொண்டுவந்த மிதமான மசோதாவும் தோற்றது; பழமைவாதக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அந்த விவாதத்தில் ராபர்ட் லோ என்ற உறுப்பினர், அறியாமையும் குடிவெறியும் கையூட்டும் வேண்டுமானால் அடித்தட்டில் தேடுங்கள் என்ற பொருள்படப் பேசியதைத் தொழிலாளர் கூட்டங்களில் உரக்கப் படித்துக்காட்டி ஆள் திரட்டினார்கள். ஜூலை 23 அன்று ஹைடு பூங்காவின் வாயிலைக் காவல்துறை பூட்டியது. கூட்டம் இரும்பு வேலியை ஆட்டிச் சாய்த்துக்கொண்டு உள்ளே போயிற்று. அடுத்த மே மாதம் தடையை மீறி அங்கேயே பெருங்கூட்டம் நடந்து, அரசு கைகட்டி நிற்க, உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

அதே மாதத்தில் அவைக்குள் நடந்ததுதான் சட்டத்தின் உயிர்நாடி. உள்ளூர் வரியைத் தன் கையால் கட்டுகிற வீட்டுக்காரருக்கே வாக்கு என்று பழமைவாத ஆட்சியின் நிதியமைச்சர் டிஸ்ரேலி மசோதா எழுதியிருந்தார். ஆனால் பெருநகரங்களில் ஏழைகளின் வரியை வாடகையோடு சேர்த்து வாங்கி வீட்டு உரிமையாளரே கட்டிவந்தார். அவர்கள் அத்தனை பேரும் விடுபட்டிருப்பார்கள். அந்த முறையையே நீக்கச் சொல்லி ஹாட்ஜ்கின்சன் என்ற அதிகம் அறியப்படாத உறுப்பினர் கொண்டுவந்த திருத்தத்தை டிஸ்ரேலி ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு திருத்தம் பல லட்சம் பேரைப் பட்டியலில் சேர்த்தது. எதிர்க்கட்சிக்கு நற்பெயர் போகாமல் தானே முடித்துவிட வேண்டும் என்ற போட்டியும் அதில் இருந்தது. வேலி சாய்ந்திராவிட்டால் அந்தப் போட்டிக்கே இடம் வந்திருக்காது என்பது என் கருத்து. சுரங்கத் தொழிலாளரும் வயற்கூலிகளும் 1884 வரை காத்திருந்தார்கள்.

நூல்கண்டு எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் 'தொழிலாளர்' என்று சொல்லும்போது ஆணையே சொல்லியிருக்கிறீர்கள். லங்காஷயர் நெசவாலைகளில் தறியருகே நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1832 சட்டம்தான் வாக்காளர் 'ஆண்' என்று முதன்முதலில் வெளிப்படையாக எழுதி வைத்தது. 1867-இல் மெய்யியலாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் 'ஆண்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'நபர்' என்று போடும்படி கேட்டபோது 73 பேர் ஆதரித்து, 196 பேர் எதிர்த்தார்கள்.

வாக்குரிமைக்காகச் சிறை சென்று உண்ணாநோன்பு இருந்த பெண்களை எல்லாரும் அறிவார்கள். அவர்களுக்கு முன்பே, 1900-1901-இல், லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் 29,359 பேர் கையொப்பமிட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போயிற்று. ஆலை வாசல்களில் நின்றே அந்தக் கையொப்பங்களைத் திரட்டினார்கள். திரட்டியவர்களில் செலினா கூப்பர் என்பவர், சிறுவயதிலேயே பாதிநாள் பள்ளி, பாதிநாள் ஆலை என்று வேலைக்குப் போனவர். பஞ்சாலைத் தோழர் சொன்ன அந்தப் பதினைந்து நிமிடம் இந்தப் பெண்களுக்கும் இருந்தது; வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டியவர்கள் அதிலும் நின்று கேட்டார்கள். 1918-இல் ஆண்களுக்கு 21 வயதில் வாக்கு வந்தபோது, பெண்களுக்கு 30 வயதும் சொத்துத் தொடர்பான தகுதியும் வைத்தார்கள். தறியில் நின்ற இளம்பெண்ணுக்கு 1928 வரை இல்லை. அம்மா, கேள்வி கேட்டது ஒரு மாணவி என்பதால் இதை அவளுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

மலையகத்தான் எழுதியது:

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பை இணைக்க விரும்புகின்றேன். பிரித்தானியாவில் ஆண், பெண் சமவாக்குரிமை வந்த மூன்றே ஆண்டுகளில், 1931-இல், டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசின்படி இங்கே சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. ஆலைகள் நிறைந்த நாடாக இலங்கை இருக்கவில்லை. தேசியத் தலைவர்களில் பெரும்பாலானோர் அதனைக் கேட்கவுமில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதனை எதிர்த்தார். ஆணைக்குழுவின் முன் அதை அழுத்திக் கேட்டது, கொழும்புத் துறைமுகத்திலே வேலைநிறுத்தங்களை நடத்திய ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கமாகும். ஆகவே தொழிலாளரின் பங்கு இங்கும் உண்டு.

ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே மணியோசைக்கு எழுந்து கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டங்களே எமது நாட்டின் ஆலைகள். தமிழகத்திலிருந்து வந்து, வரிசை வீடுகளான லயன் அறைகளில் நெருங்கி வாழ்ந்த எங்கள் முன்னோருக்கு, நிரந்தர வதிவை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 1931-இல் வாக்குரிமை கொடுக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களில் மிகப் பெரும்பாலானோரிடமிருந்து அதனைப் பறித்தன. எனது பாட்டனார் 1947-இல் வாக்களித்தவர். அதன்பின் இறக்கும்வரை வாக்களிக்கவில்லை. தொழிலாளர் திரண்டிருந்தால் உரிமை வரும் என்று படிப்பிக்கும்போது, திரண்டிருந்தவர்களிடமிருந்தே அது பறிபோனதையும் சேர்த்துப் படிப்பியுங்கள்.

பஞ்சாலைத் தோழர் எழுதியது:

மலையகத் தோழரின் பாட்டனாருக்கு என் வணக்கம்.

இரகசிய வாக்கெடுப்பைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 1872 வரை இங்கிலாந்தில் மேடையேறி, எல்லார் முன்னிலையிலும் இன்னாருக்கு என்று வாய்திறந்து சொல்லித்தான் வாக்களிக்க வேண்டும். யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்று புத்தகமாகவே அச்சிடுவார்கள். வேல்ஸில் 1868 தேர்தலுக்குப் பிறகு பண்ணையார் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த குத்தகைக்காரர்கள் சிலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போது கை தூக்குவது எப்படிப்பட்டது என்பதை நான் அனுபவத்தில் அறிவேன். உரிமை இருந்தும் வாய் வராது. 1872 ஆகஸ்டு 15 அன்று பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் முதன்முறையாகப் பெட்டியில் சீட்டுப் போட்டு நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க, அவ்வூரின் அதிமதுர மிட்டாய் ஆலையில் மிட்டாய்மேல் அச்சுக் குத்தும் முத்திரையை எடுத்துவந்தார்கள். அந்தப் பெட்டி இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கரும்பலகை எழுதியது:

ஐயா, அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் மாணவர் தலைவர் தேர்தல். முதலில் ஒவ்வொருவராக என் மேசையருகே வந்து பெயரை உரக்கச் சொல்லட்டும். பிறகு அதே தேர்தலைச் சீட்டு எழுதி மடித்துப் பெட்டியில் போட்டு நடத்துகிறேன். இரண்டு எண்ணிக்கையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதாக இருக்கிறேன். கேள்வி கேட்ட மாணவியைத்தான் வாக்குகளை எண்ணச் சொல்லப்போகிறேன். முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.